மெற்றில்டா பின்னால் நின்ற நாள்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லுத்பியா உம்மாவின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் மெற்றில்டாவும் வின்சன்றும் குடியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து எங்காவது புறப்பட்டால், கதவைப் பூட்டுவதற்கு முன்னால் வின்சன்ற் தன் அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மனைவியிடம் நீட்டுவான். அவள் அதைத் தன்னுடையதோடு சேர்த்துக் கைப்பையின் வெளியறையில் வைப்பாள். கொழும்பில் தங்கும் தமிழர் எடுத்து வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் அங்கேதான் இருந்தது. குடையை எடுத்தாயா, திறப்பை எடுத்தாயா என்பதுபோல இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

அந்த வழக்கம் கலியாணமான புதிதில் தொடங்கியது. தெஹிவளையில் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து இருவரும் பாலத்தடியில் நடந்து வந்தபோது காவலுக்கு நின்ற சிப்பாய் அட்டையைக் கேட்டான். மெற்றில்டா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அட்டை கொழும்பில் எடுத்தது. அதில் சிங்களம் மட்டும் இருக்கும். வின்சன்ற் குருநகர்க்காரன். யாழ்ப்பாணத்தில் எடுத்த அவனுடைய அட்டையில் தமிழும் இருந்தது. அந்தத் தமிழைக் கண்டதும் சிப்பாயின் குரல் மாறியது. எங்கே போய் வருகிறாய், என்ன வேலை, எப்போது கொழும்புக்கு வந்தாய் என்று அடுக்கினான். வின்சன்றுக்குக் கேள்வி விளங்கியது, வாய்தான் வரவில்லை. மெற்றில்டா ஓரடி முன்னால் வந்தாள். சிப்பாயை "மல்லி" என்று கூப்பிட்டாள். தன் வீட்டுத் தம்பியோடு பேசுவதுபோல, கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று கதைக்கிற சிங்களத்தில், இவர் என்னுடைய மனுஷன், ஏசி மெக்கானிக், பாயாசம் கொஞ்சம் கூடக் குடித்ததில் பேச்சு வரவில்லை என்றாள். சிப்பாய் சிரித்துவிட்டான். அட்டைகள் அவளுடைய கையில்தான் திரும்பி வந்தன.

பிறகு ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் ஒழுங்கையின் ஆண்களையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெற்றில்டா பொலிஸ் நிலையத்து வாசலில் நின்று, உள்ளே போய், மேசை மேசையாகப் பேசி, பின்னேரம் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று வின்சன்ற் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வெளியாட்கள் முன்னால் அவன் பேசுவது அநேகமாக நின்றுபோனது. மகளின் பள்ளிக்கூடத்திலும் தபால் கந்தோரிலும் வீட்டுக்காரியிடமும் பேச வேண்டியதெல்லாம் மெற்றில்டா பேசினாள். அவன் ஓரடி பின்னால் நின்றான்.

வேலைக்கு மட்டும் அவனுக்கு இந்தத் துணை தேவைப்படவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஹோட்டல்களின் குளிர் அறைகளைத் திருத்திக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவன் இருந்தான். அதன் முதலாளி றேமண்ட் என்ற பறங்கியர் காலையில் தன் வானில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வானை யாராவது மறித்தால் றேமண்ட் பேசிக்கொள்வார். அவரோடு பழகியே வின்சன்றுக்கு ஆங்கிலமும் வந்தது. இலக்கணம் பார்க்காத, வேலைத்தல ஆங்கிலம். ஸ்குரூட்ரைவரின் நுனியைக் கொம்பிரசரில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டு, உள்ளே எது தேய்ந்திருக்கிறதென்று சொல்வான். அந்த நேரத்தில் பார்த்தால், இவன் பேச மறந்த ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மெற்றில்டா கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பகலில் வேலை பார்த்துக்கொண்டே கணினிப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்து, ஒரு கம்பனியில் சம்பளக் கணக்குக்கான புறோகிராம்களை எழுதிக்கொண்டிருந்தாள். பொலிஸ் நிலையத்து அந்த நாளுக்குப் பிறகு, வீட்டிலும் அவள் ஒரு பாடம் எழுதினாள். வின்சன்ற் தனியாக அகப்பட்டால் என்ன சொல்லவேண்டும் என்ற பாடம். கேட்டதற்கு மட்டும் பதில். கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும். யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டில் ஒருத்தரும் இல்லை. வெளிநாட்டில் சொந்தம் உண்டென்று சொன்னால் அங்கிருந்து காசு வருகிறதா என்று கேட்பார்கள். வருகிறதென்றால் அது எங்கே போகிறது என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு கதைக்கு முடிவில்லை.

வின்சன்றுக்குக் கனடாவில் ஸ்காபரோவில் ஒரு அக்கா இருந்தாள், பிலோமினா. தாய் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். இந்தப் பாடத்தோடு அந்த அக்காவின் பேச்சே அனெக்ஸில் இல்லாமற் போனது. படம் அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் போனது. மகளுக்கும் அத்தையைப் பற்றி வெளியே பேசக்கூடாதென்று சொல்லி வைத்திருந்தார்கள். மெற்றில்டா அவன் எதிர்பாராத நேரத்தில், சோற்றைப் பரிமாறிக்கொண்டே, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கேட்பாள்: வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? வின்சன்ற் கையில் கவளத்தோடு, இமை வெட்டாமல் சொல்வான்: ஒருத்தரும் இல்லை. மெற்றில்டாவுக்கு அது திருப்தியாக இருக்கும்.

கொலன்னாவையில் தாக்குதலில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து, கொழும்பு வானம் கறுத்துக் கிடந்த அந்த ஆண்டுக்குப் பிறகு சுற்றிவளைப்புகள் கூடின. அப்போதுதான் இருவரும் கனடாவுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தார்கள். படிவங்களை நிரப்ப உதவி செய்கிறவர் அதே ஒழுங்கையிலேயே இருந்தார். தில்லைநாதன், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர். தன் பிள்ளைகள் மூவரையும் அனுப்பிவைத்த அனுபவத்தில், தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் வழிகாட்டி.

தில்லைநாதன் இருவருடைய படிப்பையும் வேலையையும் வயதையும் கேட்டுக் கூட்டிப் பார்த்தார். குடும்பத்தில் ஒருவர்தான் முதல் விண்ணப்பதாரர், அவருக்குத்தான் புள்ளி, மற்றவர் அவரோடு ஒட்டிக்கொண்டு போகலாம். மெற்றில்டாவின் கணினி வேலைக்குப் புள்ளி கூட. வின்சன்றுக்கு அந்த அளவு இல்லை, ஆனால் கூடப்பிறந்தவள் அங்கே இருப்பதால் அவனுக்கு மேலதிகமாகச் சில புள்ளிகள் சேரும். அதையும் கூட்டினால் இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஆரைப் போட்டாலும் தேவையான புள்ளிக் கோட்டைத் தாண்டும், ஆனால் அக்காவைக் கழித்தால் தம்பி கோட்டுக்குக் கீழே என்றார் தில்லைநாதன்.

"பிறகென்ன யோசினை? நேர்முகம் கேக்கிறது முதல் ஆளைத்தான். பிள்ளையின்ர பேரைப் போடுவம்," என்றார் மெற்றில்டாவைக் காட்டி. வின்சன்றைப் பார்த்து, "தம்பி வாயைத் திறந்தால்தானே உள்ளுக்குப் பல்லு இருக்கெண்டு அவங்களுக்குத் தெரியும்," என்று சிரித்தார். வின்சன்றும் சிரித்தான். அவனுக்கும் அதுதான் விருப்பம்.

"அவர் பேரையே போடுங்க அங்கிள்," என்றாள் மெற்றில்டா.

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள்.

செய்தி பரவியது. கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த மூத்த சகோதரி மேபலுக்கு ஆத்திரம் வந்தது. "நீ என்ன, யாழ்ப்பாணத்துப் பொண்டாட்டியா மாறிட்டியா? அந்த மனுஷன் அங்க போய் நல்லாத் தலையாட்டிட்டு வரும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து இங்கயே கிடங்க," என்றாள். ஸ்காபரோவிலிருந்து தொலைபேசிக் கடைக்கு அழைத்த பிலோமினாவோ, தம்பிக்குரிய மரியாதையை விட்டுக்கொடுக்காத நல்ல பிள்ளை என்று மெற்றில்டாவைப் புகழ்ந்தாள். இரண்டுமே தன்னைப் பற்றிய பேச்சாக அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. சிப்பாயைக் கண்டதும் முகத்தில் கொண்டுவர வேண்டிய அந்தச் சிரிப்பில்தான் அலுப்பு. அது கூடினால் இளிப்பு, குறைந்தால் திமிர். அந்த அளவு அவளுக்குக் கைவந்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தாடை வலிக்கும். கொஞ்சக் காலமாக அந்தச் சிரிப்பு வேறு இடங்களுக்கும் வரத் தொடங்கியிருந்தது. கம்பனியில் மனேஜர் ஏதாவது கேட்டாலும் வந்தது. பூசையில் நற்கருணை வாங்கும்போதுகூட ஒருநாள் வந்துவிட்டது. சாமியார் பதிலுக்குச் சிரித்தார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாராவது கேள்வி கேட்கும்போது தன் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவேண்டும், ஒருமுறையாவது. அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

இதை அவள் வின்சன்றுக்கு மட்டும் சொன்னாள். பின்னேரங்களில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து இருவரும் கடற்கரைக் கற்களில் இருப்பது உண்டு. அங்கே வைத்து அவன்தான் கேட்டான்.

"நீர் யோசிச்சுத்தான் சொல்லுறீரோ? நான் அங்க போய்ப் பிழையாக் கதைச்சால் எல்லாருக்கும் போச்சு."

"தெரியும். அங்க போயும் நான்தான் முன்னுக்கு நிக்கணும்னா, எனக்குப் போகவே வேணாம். இங்கயே இருந்துடலாம்."

கல்கிசைப் பக்கம் போகிற ரயில் ஒன்று பின்னால் இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை வின்சன்ற் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, என்ர பேரைப் போடும்," என்றான்.

நேர்முகத்துக்கு அழைப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வந்ததும் மெற்றில்டா அவனைப் பழக்கத் தொடங்கினாள். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவள் அதிகாரி. என்ன வேலை, எத்தனை பேர் உங்களுக்குக் கீழே, ஏன் கனடா, குளிரைத் தாங்குவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்பாள். அவன் முதலில் செக் பொயின்றில் சொல்வதுபோல ஒரு சொல்லில் முடித்தான். குளிரைப் பற்றிக் கேட்டபோது மட்டும், தன் வாழ்க்கையின் பாதி குளிர் அறைகளுக்குள் போனது என்றும், வித்தியாசம் என்னவென்றால் அங்கே கதவைத் திறந்தாலும் குளிராக இருக்கும் என்றும் சொன்னான். மெற்றில்டா சிரித்ததைக் கண்டு அவனுக்குத் தெம்பு வந்தது. மெல்ல மெல்ல வாக்கியங்கள் நீண்டன. தில்லைநாதனும் ஒருநாள் வந்திருந்து கேட்டுவிட்டு, பல்லு வரிசையாய்த்தான் இருக்கு என்று சான்றிதழ் கொடுத்தார்.

எல்லாவற்றையும் கேட்ட மெற்றில்டா, பிலோமினாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது விண்ணப்பத்தில் எழுதியிருந்த விஷயம். சொந்த அக்காவின் பெயரைச் சொல்ல யாருக்குப் பயிற்சி வேண்டும்?

அந்த நாள் காலையில் மகளை மேபல் வீட்டில் விட்டுவிட்டு, கறுவாத்தோட்டத்தில் இருந்த தூதரகத்துக்கு இருவரும் போனார்கள். கதவைத் தாண்டியதும் குளிர் முகத்தில் அடித்தது. வின்சன்ற் தலையை நிமிர்த்திக் கூரையிலிருந்து வரும் காற்றின் சத்தத்தை ஒரு கணம் கேட்டான். நல்ல மெசின் என்று அவள் காதோடு சொன்னான். அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அதிகாரி நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். இருவரையும் இருக்கச் சொன்னாள். மெற்றில்டா தன் நாற்காலியை அவனுடையதிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைப்பையை மடியில் வைத்தாள். தன் முகத்தைத் தன்பாட்டில் விட்டாள். அது சுகமாக இருந்தது.

கேள்விகள் ஒழுங்காகவே போயின. குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பழகிய கதையை வின்சன்ற் சொன்னான். ஹோட்டல் ஒன்றில் குளிர் அறை நின்றுபோய், மறுநாள் கலியாணத்துக்கான இறைச்சி முழுவதும் பழுதாகப் போன நேரத்தில் என்ன செய்தான் என்பதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினான். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, கனடாவில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

வின்சன்ற் அவளுடைய கண்ணை நேராகப் பார்த்தான். யோசிக்கவில்லை.

"இல்லை. ஒருத்தரும் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

எவ்வளவு தெளிவாக வந்தது அந்தப் பதில். அன்று காலை முழுவதும் அவன் சொன்னவற்றில் அதுதான் தடங்கல் இல்லாமல் வந்தது. அது மெற்றில்டாவின் பாடம். அவளுடைய சோற்று மேசையில், அவளுடைய குரலில் கேட்டுக் கேட்டு ஊறிய பாடம். அக்காவைக் கழித்தால் தம்பி கோட்டுக்குக் கீழே என்று தில்லைநாதன் சொன்னது காதில் கேட்டது.

அதிகாரி கோப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "ஒருவருமே இல்லையா?" என்று திரும்பக் கேட்டாள். குரலில் முன்பிருந்த இளக்கம் இல்லை.

அப்போதுதான் வின்சன்றுக்குத் தான் சொன்னது உறைத்தது. காது சிவந்தது. அவன் பழக்கத்தில் திரும்பி மெற்றில்டாவைப் பார்த்தான். பாலத்தடியிலும் பொலிஸ் நிலையத்திலும் பார்த்த அதே பார்வை.

அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. இரண்டு வாக்கியம் போதும். முகத்தில் அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்து, மேடம், இவர் பயத்தில் சொல்லிவிட்டார் என்று தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கு அது தெரியும். அதோடு, அந்த நாட்டிலும் தான்தான் முன்னால் நிற்கவேண்டும் என்பதும் முடிவாகிவிடும். சரியாக்காவிட்டால் அந்த நாடே இல்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. மெற்றில்டா கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தித் தன் செருப்பைப் பார்த்தாள்.

வின்சன்ற் திரும்பி அதிகாரியைப் பார்த்தான்.

"மன்னிக்கவேணும்," என்று தொடங்கினான். "எனக்கு ஒரு அக்கா இருக்கிறா. ஸ்காபரோவில. பேர் பிலோமினா. அம்மா செத்தபிறகு என்னை வளர்த்தது அவதான்."

பிறகு ஏன் இல்லையென்று சொன்னான் என்பதைச் சொன்னான். வேலைத்தல ஆங்கிலத்தில், சொற்கள் முன்னும் பின்னுமாக, ஆனால் நிறுத்தாமல் சொன்னான். இந்த ஊரில் ரோட்டில் மறிக்கிறவர்கள் அதே கேள்வியைக் கேட்பார்கள் என்றான். உண்டென்று சொன்னால் என்ன நடக்கும் என்றான். அன்று பொலிஸ் நிலையத்துக்குள் தனக்கு அருகில் இருந்த பையன் தமையன் லண்டனில் என்று உண்மையைச் சொன்னதையும், பிறகு அந்தப் பையனை வேறு அறைக்குக் கொண்டுபோனதையும் சொன்னான். மெற்றில்டா அதை முதன்முறையாகக் கேட்டாள். என் மனைவி எனக்கு இல்லையென்று சொல்லப் பழக்கினாள், அவளில் பிழையில்லை, பழக்கியபடியால்தான் நான் இங்கே இருக்கிறேன் என்றான். கடைசியில், அக்காவின் படம் வீட்டில் சேலைக்குக் கீழே இருக்கிறது, அதைச் சுவரில் மாட்ட எனக்கு விருப்பம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினான்.

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு மெற்றில்டாவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சேர்த்துச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள்.

"இல்லை. அவர் சொல்லிவிட்டார்," என்றாள் மெற்றில்டா.

முடிவைக் கடிதத்தில் அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வர இருவரும் பஸ் ஏறினார்கள். பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறங்கி வரிசையில் வரச் சொன்னார்கள். மெற்றில்டா வழக்கம்போலக் கைப்பையைத் திறந்தாள். வின்சன்ற் தன் அட்டைக்காகக் கையை நீட்டினான்.

"என்ர ஐசியைத் தாரும்."

அவள் தயங்கினாள். குளிர் அறைக்குள் கதிரையில் இருந்து பேசுவது ஒன்று. உச்சி வெயிலில் துவக்கோடு நிற்கிறவனிடம் பேசுவது வேறு. ஆனால் அவன் கையை மடக்கவில்லை. அவள் கொடுத்தாள். அவன் வரிசையில் அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

சிப்பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கே போய் வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். "மம... எம்பசி கியா," என்றான் வின்சன்ற். தூதரகம் போனேன் என்பதை அவனுடைய வாய் அவ்வளவில்தான் கொண்டுவந்தது. சிப்பாய், அப்படியானால் நாட்டை விட்டுப் போகிறாயா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறதென்று பின்னாலிருந்து மெற்றில்டாவுக்குப் பிடிபடவில்லை. சிப்பாயின் முகத்தை வின்சன்றின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது. முன்னால் நிற்கும்போது முகம் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றலாம். இங்கே சட்டையில் வியர்வை பரவுவது மட்டும்தான் தெரிந்தது. அவளுடைய கை சும்மா இருக்க முடியாமல் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடியது. யாரும் பார்க்காத அந்தச் சிரிப்பு அவளுடைய முகத்தில் தானாக வந்து நின்றது.

"தன்னே நே," என்றான் வின்சன்ற். தெரியாது என்று. உண்மையும் அதுதான்.

சிப்பாய் என்ன நினைத்தானோ, அட்டையை நீட்டிவிட்டு அடுத்த ஆளை வரச் சொன்னான். அடுத்த ஆள் மெற்றில்டா. அவளிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் புறப்பட்ட பிறகும் அவள் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். முன்னால் நின்ற இத்தனை காலத்தில் ஒருநாளும் அவள் இவ்வளவு பயந்ததில்லை. தாடை வலிப்பது மட்டும்தான். பின்னால் நிற்பதை அவள் ஓய்வு என்று நினைத்திருந்தாள். நான் சுமக்கிறேன், அவர் கைவீசிக்கொண்டு வருகிறார் என்று எத்தனை பின்னேரம் மனதுக்குள் கணக்குப் பார்த்திருக்கிறாள்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்தபோதுதான் கேட்டாள்.

"இவ்வளவு காலமும் இப்படித்தான் நின்னீங்களா?"

எதைக் கேட்கிறாள் என்று அவன் விசாரிக்கவில்லை. "ஓம்," என்றான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீர் முன்னுக்கு நிண்டு கஷ்டப்படேக்க, பின்னுக்கு நிண்டுகொண்டு எனக்குக் கஷ்டம் எண்டு எந்த வாயால சொல்லுறது?"

லுத்பியா உம்மா கேற்றடியில் நின்று, போன காரியம் காயா பழமா என்று கேட்டார். மெற்றில்டா வாயைத் திறந்தாள். வின்சன்றும் திறந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னும் தெரியாது உம்மா," என்றார்கள் பிறகு, கிட்டத்தட்ட ஒன்றாக.

உள்ளே போனதும் வின்சன்ற் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அக்காவின் படத்தை எடுத்தான். சுவரில் மாட்டுவதா, வேண்டாமா என்று இருவரும் யோசித்தார்கள். சுற்றிவளைப்பு எந்த விடியலிலும் வரலாம். மெற்றில்டா படத்தை வாங்கித் துடைத்து, அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில், திறந்தால் தெரிகிற மாதிரி ஒட்டினாள். இந்த ஊரில் இருக்கும்வரை அது அங்கே இருக்கட்டும் என்றாள்.